ஆனையிறவில் ஹாண்டில் ஆடுவது

தம்பி, மோட்டார் சைக்கிளுக்குப் பின்பெட்டி பூட்டிய பிறகு ஆனையிறவில் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டினால் ஹாண்டில் ஆடுகிறது, வண்டி ஒருபக்கம் போகிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. ஒருபக்கம் தள்ளுவது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று; கடல்நீரேரிக்கு நடுவே போகும் பாதை, அங்கே மறைப்பே இல்லையே. கிளிநொச்சிப் பக்கம் போகையில் வலப்பக்கம் அடிக்கும். வலது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளுங்கள், வண்டி காற்றுப் பக்கம் சாய்ந்து நேராகப் போகும்.

ஆட்டத்துக்கு எனக்குப் பெட்டியில்தான் சந்தேகம். பின்னச்சுக்கு அப்பால் பாரம் தொங்கினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். வேகம் ஏற ஏறக் காற்றும் பெட்டியைப் பின்னே இழுக்கும்; 60இலிருந்து 80க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. பெட்டியைக் கழற்றி, ரயர் காற்றையும் பார்த்துவிட்டு ஓடுங்கள். அப்பவும் ஆடினால் முன்சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலைத் திருப்புங்கள். நடுவில் தடக்கிப் பிடித்தால் ஹாண்டில் தண்டின் பெயரிங் போய்விட்டது. அதுவரை, ஆடும்போது இறுக்கிப் பிடிக்காமல் அக்சிலேற்றரை மெதுவாகக் குறையுங்கள். சடாரென்று பிரேக் வேண்டாம்.