ஃபாரினா: கோதுமை விளையாத மாவூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீ போகும் வழியில் ஃபாரினா என்ற பாழூரைப் பார்த்தேன். 'கோய்டர் கோடு என்ற எல்லையை மதிக்காமல் கோதுமை போட்டு அழிந்த ஊர்' என்றார் கூட வந்தவர். 1865-லேயே மழைக் கணக்கை வைத்து அவ்வளவு சரியாகக் கோடு போட முடிந்ததா?

கே., அடிலெய்டு

அன்புள்ள கே.,

அது மழைமானியை நம்பிப் போட்ட கோடு அல்ல. விவசாயத்துக்காகப் போட்டதும் அல்ல. 1865 வறட்சியில் மேய்ச்சல் நிலக் குத்தகைதாரர்கள் சலுகை கேட்டார்கள். எதுவரை காய்ந்திருக்கிறது என்று பார்த்துவரத் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் கிளம்பினார். அவர் படித்தது செடிகளை. மல்லி (நம் மல்லி இல்லை, குட்டை யூகலிப்டஸ்) முடிந்து சால்ட்புஷ் (வறண்ட நிலத்துப் புதர்) தொடங்கும் இடம்தான் அடையாளம். ஆண்டுக்கு 300 மி.மீ. மழை பெய்யும் எல்லையோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

ஆனால் சராசரி ஏமாற்றும். அங்கே கோதுமை குளிர்காலப் பயிர், முழுக்க மானாவாரி. மே, ஜூனில் விதைத்தால் செப்டம்பர் வாக்கில் கதிர் பால் பிடிக்கும். அப்போது மழை தப்பினால் மணி பிடிக்காத சாவிதான். ஜனவரியில் இடியோடு 50 மி.மீ. கொட்டினால் சராசரி ஏறும், களத்துக்கு ஒரு மணி வராது.

1870-களில் சில ஆண்டுகள் நன்றாகப் பெய்தன. 'ஏர் போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்' என்று நம்பி, கோட்டுக்கு வடக்கே பயிரிட நிலம் தருவதில்லை என்றிருந்த கட்டுப்பாட்டை 1874-ல் நீக்கினார்கள். 1878-ல் கவர்ன்மென்ட் கம்ஸ் என்ற இடத்தில் மனை பிரித்து, ஃபாரினா என்று பெயர் மாற்றினார்கள். லத்தீனில் மாவு! கோட்டுக்கு 250 கி.மீ.க்கும் வடக்கே, 200 மி.மீ. மழைகூடத் தேறாத மண்ணுக்கு இந்தப் பெயர். 1880-களின் தொடக்க வறட்சியோடு கோதுமைக் கனவு முடிந்தது.

ஊர் முடியவில்லை, உங்கள் நண்பர் தவறுவது இங்கேதான். 1882-ல் ரயில் வந்தது. ஈராண்டு அதுவே கடைசி நிலையம். 1884-ல் பாதை இன்றைய மரீ வரை நீண்ட பிறகும் கால்நடையும் கம்பளியும் ஏறின, ஒட்டகங்கள் சரக்கோடு உள்நாட்டுப் பண்ணைகளுக்குப் போயின. ஓட்டியவர்களை 'ஆப்கான்' என்றார்கள். பலர் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்தவர். உச்சத்தில் சுமார் 600 பேர் இருந்தார்கள். சரக்குப் போக்குவரத்து குறையக் குறைய ஆட்களும் போனார்கள். 1980-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ரயில் மேற்கே புதுத் தடத்துக்கு மாறியது.

அடுத்தமுறை ஜூன், ஜூலையில் போங்கள். தன்னார்வலர்கள் இடிபாடுகளைச் செப்பனிடும் வாரங்கள் அவை. படியிறங்கினால் நிலத்தடி பேக்கரி. விறகு எரித்து, செங்கல் சூட்டை வாங்கிக்கொண்ட பின் அந்தச் சூட்டிலேயே ரொட்டி வேகிறது. மாவு மட்டும் இன்றும் வெளியூரிலிருந்துதான்.