இரவெல்லாம் இருமும் பிள்ளை: வாசகர் கேள்வி, மருத்துவப் பதில்

இம்முறை எல்லாக் கேள்விகளும் பிள்ளைகளின் இருமல் பற்றியவை. பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. 6 வாரமாகக் ‘களகள’வென்று சளி இருமல். காய்ச்சல் இல்லை, விளையாட்டுக்கும் குறைவில்லை. மூன்று கிளினிக் மாறியாகிவிட்டது. ஆளுக்கொரு சிரப் கொடுத்தார்கள். சளியை எப்படித்தான் வெளியே எடுப்பது? (வாசகி, செந்தூல்)

பதில்: ஆறு வாரமும் ஒரே இருமலா, அல்லது நடுவில் சில நாள் முழுக்க நின்று மறுபடி வந்ததா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். பாலர் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு சளிக்கும் இருமல் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். ஒன்று முடியுமுன் அடுத்தது ஒட்டிக்கொள்வதால் தாய்க்கு அது ஒரே இருமலாகத் தெரியும். நடுவில் நல்ல நாள்கள் இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

ஒரு நாளும் விடாமல் 4 வாரத்தைத் தாண்டிய சளி இருமல் அப்படியல்ல. மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கிவிட்டது என்பதே அதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். பிள்ளை பார்க்க நலமாகவே இருக்கும், எக்ஸ்ரேயும் பல நேரம் சாதாரணமாக இருக்கும். இருமல் மட்டும் போகாது. இதற்கு வழக்கமாகத் தரப்படுவது அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமிலம் என்ற ஆன்டிபயாட்டிக், அதுவும் 2 வாரத்துக்கு. தவறு நடப்பது இங்கேதான். ஐந்து நாளில் இருமல் குறைந்ததும் மருந்து நின்றுபோகிறது. பத்து நாளில் பழைய கதை. இன்னொன்று, தூளில் தண்ணீர் கலந்த பிறகு இந்த மருந்து 7 முதல் 10 நாள்தான் தாங்கும், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்தால். ஆகவே 2 வாரத்துக்கு இரண்டு போத்தல் தேவைப்படலாம். இரண்டாவதை அப்போதே கலக்காமல் தூளாகவே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கி, கரண்டியால் அல்லாமல் சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வயிறு கொஞ்சம் இளகலாம். சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் குறையும். இரண்டு வாரம் முழுதாகக் கொடுத்தும் சளிச் சத்தம் இருந்தால் டாக்டர் இன்னும் 2 வாரம் நீட்டக்கூடும். அப்படியும் போகவில்லை, அல்லது ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் திரும்புகிறது என்றால் குழந்தைகளுக்கான நுரையீரல் நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவதுதான் சரி.

சளியை வெளியே எடுக்க வேண்டியதில்லை. இந்த வயதில் துப்பத் தெரியாது. விழுங்கிவிடும், மலத்தோடு போய்விடும். சில நேரம் வாந்தியில் வரும். அதனால் கெடுதல் எதுவுமில்லை.

மூன்று சிரப் போத்தல்களையும் ஒரே மேசையில் வைத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். பெயர் வேறாக இருக்கும், உள்ளே ஒரே தூக்க மருந்து இரண்டு போத்தலில் இருக்கும். இந்த வயதில் இருமல் சிரப்பால் பலன் மிகச் சொற்பம், மயக்கம்தான் மிச்சம். கோடீன் கலந்தது 12 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது; மூச்சை அடக்கிவிடும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தான புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழ் கூடாது.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பெரியவர்களில் யாராவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா உட்பட, 2 வாரத்துக்கு மேல் இருமுகிறார்களா? அப்படியென்றால் காசநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி கடுமையான வகைகளைத்தான் நன்றாகத் தடுக்கும். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம், விரல் நுனி உருண்டு தடிப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரக் கணக்கையெல்லாம் பார்க்காமல் போய்விடுங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு 7 வயது. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு வறட்டு இருமலில் எழுந்துவிடுகிறாள். பள்ளித் திடலில் ஓடினாலும், புகைமூட்டம் வந்தாலும் அதிகமாகிறது. கிளினிக்கில் ‘கேஸ்’ (மருந்தை ஆவியாக இழுக்க வைக்கும் நெபுலைசர்) வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறாள். இப்போது தினமும் இழுக்கும் பஃபும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்திருக்கிறார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே? (ஒரு பாட்டி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், அதாவது விடியற்காலை, ஓட்டம், புகை, ஆஸ்துமாவின் அடையாளங்கள். ‘வீசிங்’ சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமா என்றில்லை. சில பிள்ளைகளிடம் இருமல்தான் முன்னால் நிற்கும். கேஸ் வைத்ததும் தெளிவதும் அதையே காட்டுகிறது.

பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்குக் கணக்கில் பதில் சொல்கிறோம். இருமல் முற்றும்போது இழுக்கும் நீல பஃபில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால், அதாவது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அதே மருந்தின் சிரப் 5 மி.லி.யில் 2 மில்லிகிராம், அதாவது 20 அழுத்தத்தின் அளவு, அதுவும் உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகும். கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். பஃபைக் கண்டு பயந்து சிரப்பை நம்புவது தலைகீழ். கிளினிக்கின் கேஸும் இதே மருந்துதான்; லேசான, நடுத்தரத் தாக்குதலில் பஃபும் குழாயும் அதே அளவு வேலை செய்கின்றன.

தினமும் இழுக்கச் சொன்னது வேறு: மூச்சுக்குழாயின் வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு. இருமும் நேரத்தில் இழுத்தால் உடனே எதுவும் நடக்காது; பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டில் உயர வளர்ச்சி ஏறத்தாழ அரை முதல் 1 செ.மீ. வரை குறையலாம் என்பது உண்மை. ஆனால் இரவுதோறும் தூக்கம் கெடும் பிள்ளையும் சரியாக வளராது. இருமல் நின்ற மறுவாரமே நிறுத்துவதுதான் அது திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம். எப்போது குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். வழக்கமாகச் சில மாதம் அமைதியாக இருந்த பிறகே குறைப்பார்கள்.

இனி குழாய், அதாவது ஸ்பேசர். மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பேத்தியை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பஃபைக் குலுக்கிக் குழாயின் பின்துளையில் செருகுங்கள். ஏழு வயதுக்கு முகமூடி வேண்டாம். வாய்முனையைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை மூடட்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, சாதாரணமாக 5 அல்லது 6 மூச்சு விடச் சொல்லுங்கள். பல குழாய்களில் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளேயிருக்கும் வால்வு ‘டிக், டிக்’ என்று அசையும். அசையவில்லை என்றால் அவள் மூக்கால் மூச்சு விடுகிறாள் அல்லது உதடு திறந்திருக்கிறது. இரண்டாவது அழுத்தத்துக்கு மறுபடி குலுக்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது. ஸ்டீராய்டு இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரும்.

கழுவும் முறையும் முக்கியம். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துடைக்காமல், அப்படியே காய வையுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். புதுக் குழாயையும் முதலில் இப்படிக் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும்.

திடீரென்று இரவில் இருமல் முற்றினால் நீல பஃப் 4 அழுத்தம், ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் மறுபடி 4 கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேசுகிறாள், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறது, உதடு நீலமாகிறது என்றால் 20 நிமிடமும் காத்திருக்க வேண்டாம், 999 அழையுங்கள். அடங்கினாலும் 3, 4 மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் காட்டியே ஆக வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாளில் திடல் வேண்டாம். கூடவே வீட்டுக்குள் இருக்கும் புகையையும் பாருங்கள். மலேசியாவில் விற்கும் கொசுவர்த்திகளையும் சேர்த்துச் சோதித்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். டெங்கி பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு ஜன்னல் வலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அவள் பள்ளியில் இருக்கும்போது காட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: மூத்தவனுக்கு 10 வயது. இரண்டு வாரமாக விடாமல் அடுக்கடுக்காக இருமுகிறான், முகம் சிவந்து கடைசியில் வாந்தி எடுக்கிறான். வீட்டில் 7 வாரக் கைக்குழந்தை இருக்கிறது. (வாசகர், பத்து கேவ்ஸ்)

பதில்: இதை ஆறப்போடாதீர்கள். நீங்கள் சொல்வது கக்குவான் இருமலாக இருக்கலாம். மூத்தவனுக்குப் பெரிய ஆபத்து இல்லை, கைக்குழந்தைக்கு உண்டு. நம் நாட்டில் இதற்கான தடுப்பூசி 2, 3, 5-ஆம் மாதங்களிலும் 18-ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் குழந்தைக்கு முதல் ஊசியே இன்னும் வரவில்லை. மூத்தவன் ஊசி எல்லாம் போட்டிருந்தாலும் சில ஆண்டுகளில் அதன் காப்பு தேய்ந்துவிடும். முதலாம் ஆண்டில் பள்ளியில் போடும் ஊசியில் கக்குவானுக்கான பாகம் இல்லை.

இன்றே மூத்தவனைக் காட்டுங்கள். மூக்கின் உட்பக்கத்திலிருந்து எடுக்கும் பிசிஆர் பரிசோதனை முதல் 3 வாரத்தில்தான் நன்றாகக் காட்டும். அசித்ரோமைசின் 5 நாள் கொடுப்பார்கள். அவன் இருமல் அதனால் சட்டென்று நிற்காது. மேலும் பல வாரம் நீடிக்கும். ஆனால் மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். மருந்து தொடங்கி 5 நாள் முடியும்வரை பள்ளி வேண்டாம், கைக்குழந்தை இருக்கும் அறையும் வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்கும், கைக்குழந்தைக்கும் தடுப்பு மருந்து தேவையா என்று அதே டாக்டரிடம் கேளுங்கள். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் இதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வீட்டுக்கு அதிகாரி வந்தால் பதற வேண்டாம்.

கைக்குழந்தை ‘ஊ’ என்று இழுத்து இருமாது. இருமலே இல்லாமல் மூச்சு சில விநாடி நின்று முகம் வெளிறுவதாகக்கூட இருக்கும். தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு எழுந்து அடங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்; 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமூச்சு. மூச்சு நின்றது, நீலமானது, பால் குடிக்க மறுக்கிறது என்றால் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு.

கேள்வி: தேன், கற்பூரவள்ளி, கோடாலித் தைலம், ஆவி பிடிப்பது. இவற்றில் எது நல்லது, எது கெட்டது? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: தேனுக்குத்தான் முதலிடம். படுக்குமுன் 1 முதல் 5 வயதுக்கு 2.5 மி.லி., 6 முதல் 11 வயதுக்கு 5 மி.லி. கொடுத்துவிட்டுப் பல் துலக்க வையுங்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

கற்பூரவள்ளிச் சாறு, மிளகு ரசம் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்குத் தொண்டைக்கு இதம். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் கொடுப்பதுதான் வம்பு. கற்பூரமோ மெந்தாலோ உள்ள தைலம் 2 வயதுக்குக் கீழ் வேண்டாம், எந்த வயதிலும் மூக்குத் துளையில் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்க்கும் வீடுகளில் மிச்சக் கட்டியைப் பூட்டி வையுங்கள். சிறு துண்டை விழுங்கினாலே வலிப்பு வரும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறைபாடு) என்று பிறந்தபோதே சொல்லப்பட்ட பிள்ளைக்குக் கற்பூரம் வேண்டாம், துணி அலமாரியில் அந்துருண்டையும் வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். இருமலுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கேள்வி: ஐஸ் மைலோவும் வாழைப்பழமும்தான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: வாழைப்பழம் பாவம், விட்டுவிடுங்கள். ஆஸ்துமா உள்ள சில பிள்ளைகளுக்குக் குளிர்ந்தது குடித்ததும் இருமல் வரும்; அப்படி வருவதைக் கண்ணால் பார்த்திருந்தால் ஐஸை மட்டும் குறையுங்கள்.

கேள்வி: 3 வயது மகள் கச்சாங் பூத்தே (கடலை வகை) தின்னும்போது புரையேறி மூச்சு முட்டினாள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஒரு வாரமாக இருமுகிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். முதலில் முட்டும், பிறகு அது ஒரு கிளைக்குழாயில் அமர்ந்ததும் அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் ஏமாற்றும். நாளாக ஆகக் கடலை ஊறி உப்பி, அதைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், “கடலை தின்னும்போது புரையேறியது, அதிலிருந்து இருமல்” என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். ‘ஒரு வாரமாக இருமல்’ என்று தொடங்கினால் மறுபடி சிரப்தான் கிடைக்கும். மயக்கம் கொடுத்துக் குழாய்க் கேமரா வழியாக எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவமனையில் கேட்காமல் வழியில் எதுவும் ஊட்டாதீர்கள். 4 வயதுவரை முழுக் கடலையும் கெட்டி முறுக்கும் வேண்டாம்.

கேள்வி: 11 வயது மகன் நாளெல்லாம் தொண்டையைச் செருமுவதுபோல ‘ஹக், ஹக்’ என்று இருமுகிறான். தூங்கினால் ஒன்றுமில்லை. எல்லாப் பரிசோதனையும் சரி. (வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: தூக்கத்தில் அடியோடு நிற்பதும், விளையாட்டில் மூழ்கும்போது மறந்துபோவதும் பழக்க இருமலின் அடையாளம். சளியில் தொடங்கி, சளி போனபின்னும் தொண்டை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவன் நடிக்கவில்லை, திட்டாதீர்கள். “இருமாதே” என்று சொல்லச் சொல்ல அதிகமாகும். இருமத் தோன்றும்போது வெந்நீர் ஒரு மிடறு விழுங்கி, மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து, ஒரு நிமிடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று கூட்டுங்கள். இருமியதைக் கவனிக்காதீர்கள், தள்ளிப்போட்டதைப் பாராட்டுங்கள். பள்ளி விடுமுறையில் தொடங்கினால் எளிது. கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவதும் சேர்ந்திருந்தால் குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். போகுமுன் கைபேசியில் இரண்டு நிமிட வீடியோ எடுத்துவிடுங்கள், டாக்டர் முன்னால் பெரும்பாலும் இருமமாட்டான்.