70 பவுண்டு இழுவிசை உள்ள வேட்டை வில்லுக்கு எந்தப் பயிற்சி இலக்கு தாங்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பண்ணையில் காம்பவுண்ட் வில்லோடு (கப்பி வைத்த வில்) பயிற்சி என்கிறீர்கள். முதலில் அம்பு முனையைப் பாருங்கள். சாதா கூர்முனை என்றால் சாக்கு இலக்கே போதும்; உள்ளே திணித்த துணி உரசி நிறுத்தும், அம்பை இரண்டு விரலால் உருவிவிடலாம். வேட்டைக்கான பிளேடு முனையை அதில் விட்டீர்களோ, சாக்கு கிழிந்து குடல் சரிந்துவிடும். அதற்கு அடர்த்தியான ஃபோம் கட்டிதான். விலை கூடுதல், ஆனாலும் நான் அதைத்தான் வாங்குவேன். உரசல் சூட்டில் ஃபோம் உருகி அம்புத் தண்டில் ஒட்டும். தண்டின்மேல் சோப்புக் கட்டியை லேசாகத் தேய்த்துவிட்டு எய்யுங்கள். நடுப்புள்ளியையே குத்தாமல் இடம் மாற்றி அடியுங்கள்.

டர்பன் கோடை மழையில் வெளியே விடாதீர்கள். ஒரு டிசம்பர் முழுக்க நனைந்த என் சாக்கைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது! எந்த இலக்கானாலும் பின்னால் மண்மேடு கட்டாயம்.