பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், இயற்பியல், கணிதம் இரண்டும் உண்டு. கண்ணாடி போடுகிறான். ஃபிளையிங் ஸ்கூலில் முன்பணம் கேட்கிறார்கள், கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இப்போது வேண்டாம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2, அது தேறியதும் கிளாஸ் 1 மருத்துவச் சோதனை. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகிறது என்றால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நிறக்குருடுதான் வில்லங்கம்: புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கத் திணறினால் அங்கேயே சிக்கல். உள்ளூர்க் கண் மருத்துவரிடமே இதை முன்கூட்டிப் பார்த்துவிடலாம்.

அடுத்து, கம்ப்யூட்டர் நம்பர், அதாவது டிஜிசிஏ எழுத்துத் தேர்வு எழுதுவதற்கான பதிவு எண். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால் விண்ணப்பம் இழுத்தடிக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

நேவிகேஷன், வானிலை, விதிமுறை, டெக்னிக்கல் தாள்களில் தேற 70 சதவீதம் வேண்டும். பலர் சறுக்குவது நேவிகேஷனில். ஃபார்முலா தெரியாமல் அல்ல, மனக்கணக்கு வராமல். 40 நாட்டிக்கல் மைல் பறந்தபின் பாதையிலிருந்து 2 மைல் விலகியிருந்தால் பிழை எத்தனை டிகிரி? 60 மைலுக்கு 1 மைல் விலகல் என்றால் ஏறத்தாழ 1 டிகிரி; எனவே 2-ஐ 60-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 3. இது பேனா எடுக்காமல் வர வேண்டும். வானிலைப் பாடத்துக்கு உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே வாசலில் இருக்கிறது!

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். எனவே கட்டணத்தைக் கேட்பதோடு நிற்காமல், எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் உள்ளன என்றும் நேரில் போய் எண்ணிப் பாருங்கள்.