டீக்கடையில் வலது கை

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் இருக்கிறேன். வயது 46. இருபது வருஷமாகப் பிடித்த சிகரெட்டை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. 68 கிலோ இருந்தவன் இப்போது 74. எந்த பேன்ட்டுக்கும் கொக்கி மாட்ட முடியவில்லை. "பேசாம ஒரு நாளைக்கு ரெண்டு மட்டும் பிடி, உடம்பு தானா இறங்கிடும்" என்கிறார் கூட வேலை செய்பவர். அந்தப் பேச்சு மனதிலேயே ஓடுகிறது. என்ன செய்ய?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ரெண்டு வேண்டவே வேண்டாம். நான் விட்டு பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் "ஒண்ணே ஒண்ணு" என்றுதான் திரும்பப் போனேன்.

எடை ஏறியதற்கு உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நிகோடின் பசியை அமுக்கி வைக்கும், உடம்பு எரிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டும். அது நின்றதும் இரண்டும் பழையபடி ஆகிவிடும். மரத்துக் கிடந்த நாக்குக்கும் ருசி திரும்பும். விட்டவர்களுக்கு முதல் வருஷத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுகிறது, அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. உங்களுக்குக் கொஞ்சம்தான் கூட. ஆனால் ஒரே வருஷத்தில், சிகரெட்டால் வந்த மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறைகிறது. ஆறு கிலோவுக்காக இதை விட்டுக்கொடுக்கலாமா?

டீக்கடையில் நிற்கும்போது உங்கள் வலது கையைக் கவனியுங்கள். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழக்கமாக நிற்கும் கடை. இடது கையில் டீ கிளாஸ். வலது கை சட்டைப் பாக்கெட்டைத் தொடும், ஒன்றும் இருக்காது, நேராக மசால் வடைத் தட்டுக்குப் போகும். பசியே இருக்காது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ரெண்டு. வடை மேல் ஆசை இல்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது என்று புரிய ஒரு மாதம் ஆனது. பாக்கெட்டில் சோம்புப் பொட்டலம் வைத்துக்கொண்டேன். சிகரெட் நினைப்பு வந்தால் நாலைந்து நிமிஷம்தான் படுத்தும். சோம்பை மென்றுகொண்டு நடையைக் கட்டினால் அடங்கிவிடும்.

அப்புறம் நடை. நான் கோட்டை அகழி ஓரமாக நடப்பேன், உங்களுக்கு உங்கள் தெருவே போதும். நம்மூர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரி பரோட்டாவுக்குப் பதில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், பசியோடு சிகரெட் நினைப்பும் சேர்ந்து வரும். சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மனசு ஆடுகிற நாளில் 1800-11-2356 எண்ணுக்குப் பேசுங்கள். புகையிலையை விட உதவும் அரசு எண் அது, கட்டணம் இல்லை.

பேன்ட்டை டெய்லரிடம் கொடுத்து ஒரு இஞ்ச் பிரித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு எட்டாம் மாதம் எடை ஏறுவது நின்றது. அடுத்த வருஷம் மூன்று கிலோ இறங்கியது. மீதி இரண்டு கிலோ இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை.