சிமுலேஷன் குவிந்துவிட்டது, விடை சரிதானா?

கேள்வி: எத்தனாலையும் தண்ணீரையும் கொதிக்கவைத்துப் பிரிக்கும் கோபுரம் ஒன்றைக் கணினிச் சிமுலேஷனில் அமைத்தேன். கணக்கு குவிந்துவிட்டது, அதாவது விடை மேலும் மாறாமல் நிலைத்துவிட்டது. உச்சியில் 99 சதவீத எத்தனால் வருகிறது. மென்பொருள் பிழை எதுவும் காட்டவில்லை. பேராசிரியரோ இது நடக்காது என்கிறார்.

பேராசிரியர் சொல்வதே சரி. நீங்கள் 'ஐடியல்' முறையைத் தேர்ந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எந்த மூலக்கூறும் வேற்று இனத்தின் அருகிலும் தன் இனத்தோடு இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும் என்பது அந்த முறையின் அனுமானம். எத்தனாலும் தண்ணீரும் அப்படி இல்லை. வளிமண்டல அழுத்தத்தில், 78.2 டிகிரி செல்சியஸில், எடையளவில் சுமார் 95.6 சதவீத எத்தனாலில் இரண்டும் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடுகின்றன. ஆவிக்கும் திரவத்துக்கும் அங்கே ஒரே இயைபு. பிறகு கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் சந்திக்கும் தட்டுகளை நூறு வைத்தாலும் பயனில்லை. மூலக்கூறுகளின் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் என்ஆர்டிஎல் (NRTL) முறைக்கு மாற்றி, கொதிநிலை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தூய எத்தனாலின் முனைக்குச் சற்று முன்பே ஆவிக்கோடும் திரவக்கோடும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. எத்தனால்-தண்ணீர் இணை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கிறது என்று சொல்லும் இடைவினை எண்கள் மென்பொருளுக்குள் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். அவை பூஜ்ஜியமாக இருந்தால் என்ஆர்டிஎல்லும் ஐடியலும் ஒன்றுதான்.

கேள்வி: பெங்-ராபின்சன் சமன்பாட்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா, ஐயா?

கூடாது. அழுத்தம், வெப்பநிலை, கனஅளவு மூன்றையும் இணைக்கும், 1976இல் வந்த அந்தச் சமன்பாடு இயற்கை எரிவாயு, பெட்ரோலிய வேலைகளுக்கு அருமையானது. ஆல்கஹால், அமிலம், தண்ணீர் என்று வந்தால் என்ஆர்டிஎல் அல்லது அதைப் போன்ற யூனிகுவாக் (UNIQUAC) பக்கம் போங்கள்.

கேள்வி: அம்மோனியா ஆலையில் வினைபுரியாத வாயுவைத் திருப்பி அனுப்பும் மறுசுழற்சி ஓடை ஆயிரம் சுற்று ஓடியும் குவியவில்லை. கணிப்பு முறையை மாற்ற வேண்டுமா?

வெளியேற்று ஓடை, அதாவது பர்ஜ், வைத்திருக்கிறீர்களா? இதே இடத்தில் நான் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதனால்தான் முதலில் கேட்கிறேன். புது வாயுவோடு ஆர்கான் வருகிறது. அது வினைபுரியாது. வெளியேற வழி இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். நிலைத்த விடையே இல்லாத கணக்கில் எந்த முறையாலும் விடை காண முடியாது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 1 கிலோமோல் ஆர்கான் உள்ளே வருகிறது. சுழலும் வாயுவில் 10 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறீர்கள். அப்படியானால் மணிக்கு 10 கிலோமோல் வாயுவை வெளியே விட வேண்டும் (அம்மோனியாவில் கரைந்து போவதை இங்கே சேர்க்கவில்லை). அந்த எண்ணையே தொடக்க ஊகமாகக் கொடுங்கள். அதன்பிறகும் தடுமாறினால் ஊகத்தைச் சுற்றுக்குச் சுற்று வேகமாகத் திருத்தும் வெக்ஸ்டைன் முறையின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: விலையில்லா மென்பொருள் ஏதாவது உண்டா?

டிடபிள்யூசிம் (DWSIM). திறமூலம், கற்பதற்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: சிமுலேஷன் இருந்தால், சிறிய அளவில் கட்டிச் சோதிக்கும் முன்னோட்ட ஆலை தேவையில்லை அல்லவா?

தேவைதான். கோபுரத்தில் நுரை பொங்குமா, வெப்பமாற்றியின் குழாய்களில் எவ்வளவு படிவு சேரும் என்பதையெல்லாம் நீங்கள் கொடுக்காமல் சிமுலேஷன் அறியாது. உங்கள் திரவத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் கொதிக்க வைத்து, நுரை எவ்வளவு உயரம் எழுகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.