அந்தக் காட்சியில் ஏன் எழுந்து போனீர்கள்?

கேள்வி: இறந்துபோன என் தம்பியின் மகனை மூன்று வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன்; அவனுக்கு இப்போது 22 வயது. தம்பி காய்ச்சலில் இறந்ததாக மட்டுமே சொல்லியிருக்கிறேன். பூர்வீக வீட்டுத் தகராறில் என் கணவர் தம்பியை வெளியேற்றியதையும், வெளியூரில் கவனிப்பாரின்றி அவன் இறந்ததையும் சொல்லவில்லை. சென்ற வாரம் இருவரும் 'பர்சூட்' என்ற பழைய வெஸ்டர்ன் படம் பார்த்தோம். குதிரைக்குட்டி சுடப்பட்ட இடத்தில், அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டேன். படம் முடிந்ததும், "அத்தை, அப்பா எப்படி இறந்தார்?" என்று மறுபடியும் கேட்டான். உண்மையைச் சொன்னால் குடும்பம் உடையாதா?

பதில்: அடுப்பைப் பார்க்கப் போனதாக ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியம். 1947இல் ரவுல் வால்ஷ் இயக்கிய அந்தப் படத்தில், குடும்பத்தை இழந்த சிறுவன் ஜெப்பைத் தன் மகனோடும் மகளோடும் வளர்க்கும் திருமதி கேலம், அவனுடைய குதிரைக்குட்டியைச் சுட்டவர் தன் கொழுந்தன் கிராண்ட்தான் என்று உணர்ந்தும், மான் வேட்டைக்காரர்களின் வேலை என்று அவனிடம் சொல்லிவிடுகிறார். அந்தப் பொய் சொல்லப்படும் நேரத்தில்தான் நீங்கள் எழுந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மான் வேட்டைக்காரர்களுக்குக் காய்ச்சல் என்று பெயர்.

அந்தப் பொய் யாரைக் காத்தது? ஜெப்பின் தந்தையோடு தமக்கிருந்த உறவையும், அதற்காகவே கிராண்ட் அவரைக் கொன்றதையும் அந்த அம்மையார் மறைத்தார். ஜெப்போ, குடும்பம் கொல்லப்பட்டபோது தரைக்கடியில் ஒளிந்திருந்து கண்ட, குதிரையோட்டிகள் அணியும் முள்சக்கரக் காலணிகளின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு, தன் கதையைத் தானே தேடித் திரிந்தான். உடன்வளர்ந்த அந்த அம்மையாரின் மகன் ஆடமோடு பகை முற்றி, பதுங்கியிருந்து சுட்ட அவனைத் தன் கையாலேயே கொல்லும்படி ஆயிற்று. ஜெப்பைத் தூக்கிலிட வந்த கிராண்டை இறுதியில் அந்த அம்மையாரே சுடுகிறார். ஆனால் பெற்ற மகனைப் பறிகொடுத்த பிறகுதான் அவருக்கு அந்தத் துணிவு வந்தது.

குடும்பம் உடையும் என்கிறீர்கள். நீங்கள் காப்பது குடும்பத்தை அல்ல, உங்கள் கணவரை. வளர்த்தவருக்கு எத்தனையோ உரிமைகள் உண்டு. ஒரு பிள்ளையின் தகப்பன் கதையைப் பூட்டி வைப்பது அவற்றில் சேராது. அதிலும், உடன்பிறந்த தம்பியின் சாவைக் காய்ச்சலாகச் சுருக்கியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

இந்த வாரமே சொல்லுங்கள். கணவரை அருகில் உட்கார வையுங்கள். அவர் மறுத்தால், மறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வீட்டுத் தகராறிலிருந்து தொடங்குங்கள். அன்று நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள். அவன் கோபித்து வெளியே போனால் பின்னால் ஓடாதீர்கள்; அன்றைக்கே மன்னிப்பையும் கேட்டு வாங்க முயலாதீர்கள்.